பதிமூணு தலகாணி

ஏய் பியூலா, அந்தப் பக்கம் உருளாத, பாய் ரெண்டு பேருக்கும் போதும். கஞ்சி குடிச்சாச்சு, மாத்திரை போட்டாச்சு, இனிமே எந்திரிச்சு வெயில்ல ஓடுறேன்னு சொன்னே, காலைக் கட்டிப் போட்டுருவேன். நான் இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டுல ஆயாவா இருந்தவ. எத்தனையோ பேரைத் தூங்க வெச்சிருக்கேன், நீ எம்மாத்திரம். கண்ணை மூடு. மூடிக்கிட்டே ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், சரியா?

"ம்."

ஆங். ஒரு ஊர்ல ஒரு கட்டில் இருந்துச்சு.

"கட்டிலா? ராஜா இல்லையா அத்தே?"

ராஜாவும் வருவாரு, பிஷப்பும் வருவாரு, உனக்கு என்ன அவசரம்? முதல்ல கட்டில். நம்ம தரங்கம்பாடிக் கடற்கரையில கோட்டை நிக்குதுல்ல, அதைக் கட்டினவங்க ஊரு. டென்மார்க்கு. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னாடி. அந்தக் கட்டில் நம்ம ஊர்க் கட்டில் மாதிரி நீளமா இருக்காது. குட்டையா, அகலமா, நாலு பக்கமும் திரை போட்டிருக்கும். ஏன்னா அங்க பெரிய மனுஷங்க யாரும் காலை நீட்டி, முதுகு கீழ பட, மல்லாக்கப் படுக்கவே மாட்டாங்க. முதுகுக்குத் தலகாணியா அடுக்கி, பாதி உக்காந்தாப்புல தான் தூங்குவாங்க. ஏன்னு கேளு. நீட்டி நிமிந்து படுக்கிறது செத்தவங்க மட்டும் தான். உசுரோட இருக்கிறவங்க அப்படிப் படுத்தா, சாவு அந்தப் பக்கமா வரும்போது எட்டிப் பாத்து, ஓ இது நம்ம ஆளு போலருக்குன்னு தூக்கிட்டுப் போயிரும்னு ஒரு பயம்.

"நாம நீட்டித்தானே படுத்திருக்கோம்?"

நம்மளை ஒண்ணும் பண்ணாது. இந்தக் கொசுக்கடியில சாவு எங்க உள்ள வரப் போவுது? ம் கொட்டு.

"ம்."

அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரங்க லிஸ்பெத் அம்மான்னு ஒரு பிரபு வீட்டு அம்மா. பெரிய செங்கல் மாளிகை. சுத்தி அகழி, அகழியில வெள்ளை வெள்ளையா அன்னப் பறவை, தலையை றெக்கைக்குள்ள விட்டுக்கிட்டுத் தூங்கும். எட்டு ஊர் நிலம் அவங்களோடது. எந்தச் சர்ச்சுக்கு எந்த ஐயர் வரணும்னு கூட அவங்க தான் கையெழுத்துப் போட்டு அரக்குல முத்திரை குத்தணும். ஐயர்னா, நம்ம சர்ச்சுல வயசானவங்க பாதிரியாரை ஐயர்னு சொல்றாங்கள்ல, அந்த ஐயர். அவங்க பொண்டாட்டி ஐயரம்மா.

அந்தம்மாவோட புருஷன், பிரபு, ஒரு வைகாசி மாசம் குதிரையில இருந்து விழுந்து செத்துட்டாரு. குட்டைக் கட்டில்ல அவரைக் கிடத்த முடியல, காலு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அதனால கீழ விரிச்சு, தரையில மல்லாக்கக் கிடத்தி, பிஷப்பு வந்து சேர்ற வரைக்கும் ஒம்போது நாள் வெச்சிருந்தாங்க. ஒம்போது நாளும் அந்தம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல.

அப்புறம் அடக்கம். பெரிய மனுஷன் செத்தா சும்மா விட்ருவாங்களா? அவரோட தாத்தா, தாத்தாவுக்குத் தாத்தா, அம்மா வழி, அப்பா வழின்னு முன்னோர் பதினாறு பேரோட பெருமையையும் பிரசங்கத்துல சொல்லி முடிக்கணும், அது அங்க வழக்கம். கூட்டம் சர்ச்சுக்குள்ள கொள்ளல. உள்ள பிஷப்பு சொல்ல, வெளிய நிக்கிறவங்களுக்கு ஊர் ஐயர், வயசானவரு பாவம், வாசல்ல நின்னு, கொட்டுற மழையில, பதினாறு பேரையும் சொல்றாரு. பதினாலாவது தாத்தாகிட்ட வரும்போதே அவருக்கு நச்சு நச்சுன்னு தும்மல். அப்புறம் காய்ச்சல். ஆனி மாசம் யோவான் திருநாள் அன்னைக்கு அவரும் போய்ச் சேந்துட்டாரு.

"காய்ச்சல்லயா அத்தே?"

உன் காய்ச்சல் இல்லடீ, அது வேற. அவருக்கு எழுபத்திரண்டு வயசு, உனக்கு ஏழு. உன் நெத்தி இப்போ சில்லுன்னு தான் இருக்கு. கண்ணை மூடு.

"ம்."

புருஷன் போன நாள்ல இருந்து லிஸ்பெத் அம்மாவுக்குத் தூக்கமே வரல. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. தலகாணியில சாஞ்சு உக்காந்து, கண்ணை விரியத் தொறந்துக்கிட்டு, எதிர்ச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. கண்ணு செருகும். உடனே விசுக்குன்னு நிமிந்துக்குவாங்க. இப்படியே ராத்திரி போயிரும், விடிஞ்சிரும், அகழியில அன்னம் தலையை வெளிய எடுத்துரும்.

அப்போ தலைநகரத்துல இருந்து ஒரு டாக்டர் வந்தாரு. கையில கத்தியால கீறி ஒரு கிண்ணம் ரத்தம் எடுத்தாரு. அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் அது தான் வைத்தியம், படுபாவிங்க. தூக்கம் வரல. தலை இன்னும் ஒசரமா இருக்கணும் போலருக்குன்னு சொல்லி, கட்டில்ல ஏற்கெனவே இருந்த அஞ்சு தலகாணி மேல மூணு தலகாணி வெச்சுட்டுப் போயிட்டாரு. எத்தனை?

"எட்டு."

எட்டு. அப்புறம் பிஷப்பு வந்தாரு. கழுத்தைச் சுத்தி மடிப்பு மடிப்பா வெள்ளைத் துணி கட்டியிருப்பாரு, தட்டுல தலையை வெச்சாப்புல இருக்கும். அவர் மணல் கடிகாரத்தைக் கவுத்து வெச்சாரு. சொர்ர்ருனு மணல் இறங்குது. மூணு தடவை கவுக்குற வரைக்கும் பிரசங்கம் படிச்சாரு. வேலைக்காரி தூங்கிட்டா. நாய் தூங்கிருச்சு. வாசல்ல ஈட்டி பிடிச்சு நின்னவன் நின்னுக்கிட்டே தூங்கிட்டான். அந்தம்மா மட்டும் முழிச்சிருக்காங்க. பிஷப்பு பெருமூச்சு விட்டு, இன்னும் ஒசரம் வேணும்னு நாலு தலகாணி வெக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. பன்னெண்டு.

அப்புறம் விஷயம் ராஜா காது வரைக்கும் போச்சு. ராஜா ஒரு தலகாணி அனுப்பினாரு. வடக்குப் பக்கம் பாறையில கூடு கட்டுற வாத்து இருக்குல்ல, அது தன் நெஞ்சுல இருந்து பிச்சுக் குஞ்சுக்கு மெத்தை போடுற மெல்லிசு இறகு, அதை அடைச்ச தலகாணி. மேல தங்க நூல்ல கிரீடம். அதையும் அடுக்கினாங்க. பதிமூணு. இப்போ அந்தம்மா கட்டில்ல படுக்கல, சிம்மாசனத்துல உக்காந்தாப்புல நேரா உக்காந்திருக்காங்க. தலை திரைச்சீலையில முட்டுது. எந்த முட்டாளாவது உக்கார வெச்சுத் தூங்க வெப்பானா? ஆனா நீட்டிப் படுங்கம்மான்னு சொல்ல ஒருத்தருக்கும் தோணல. அங்க அது தோணவே தோணாது.

"ம்."

இப்போ அந்தப் பக்கம் ஐயரம்மாவைப் பாப்போம். அவ பேரு சிஸெல். செத்துப்போன ஐயரோட பொண்டாட்டி, அம்பது வயசு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஐயர் செத்தா, ஐயரம்மா ஒரு வருஷம் அந்த வீட்டுல இருந்துக்கலாம், இரக்கப்பட்டுக் குடுக்கிற வருஷம் அது. அப்புறம் புது ஐயர் வருவாரு. வர்றவருக்கு சர்ச்சு, வீடு, மாடு, வைக்கப்போர் எல்லாம் கிடைக்கும். கூடவே பழைய ஐயரோட பொண்டாட்டியும். அவளைக் கட்டிக்கிட்டாத் தான் வேலை.

"ஐயே."

ஐயேங்காத, கேளு. செத்துப்போன ஐயர் வாலிபனா அந்த ஊருக்கு வந்தப்போ அவருக்கு இருபத்தஞ்சு வயசு. அவர் தலையில ஒரு அறுபது வயசுக் கிழவியைக் கட்டி வெச்சாங்க, அதுக்கு முந்தின ஐயரோட பொண்டாட்டி. கிழவி பதினஞ்சு வருஷம் கெட்டியா இருந்துட்டுத் தான் போச்சு. அப்புறம் அவர் நாப்பது வயசுல, பதினெட்டு வயசு சிஸெலைக் கட்டினாரு. இப்போ அவரும் போயாச்சு. இனிமே சிஸெலுக்கு ஒரு சின்னப் பையனைக் கட்டி வெப்பாங்க. அவ போனதும் அவன் ஒரு சின்னப் பொண்ணைக் கட்டுவான். இப்படியே பூத் தொடுக்குறாப்புல ஒரு கிழம் ஒரு இளசு, ஒரு கிழம் ஒரு இளசுன்னு போயிக்கிட்டே இருக்கும். யாருக்கும் தன் வயசுல ஒரு துணை அமையாது.

சிஸெலுக்குக் கல்யாணமே வேண்டாம். முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தருக்கு ஆக்கிப் போட்டாச்சு, போதும். அவளுக்கு வீடு தான் வேணும். வைக்கோல் வேஞ்ச தாழ்ந்த வீடு. ஜன்னலைத் தொறந்தா கல்லறைத் தோட்டம். அங்க அவ பெத்த புள்ளைங்க நாலு பேரும் வரிசையா இருக்காங்க, எல்லாம் உன்னை விடச் சின்னதுங்க. காலையில எந்திரிச்சதும் ஜன்னலைத் தொறந்து நாலு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டுத் தான் அடுப்பையே மூட்டுவா. அந்த ஜன்னலை விட்டுட்டு எங்க போவா? அண்ணன் வீடு இருக்கு, அஞ்சு நாள் வண்டிப் பயணம். போனா அடுப்படி மூலையில ஒரு சாக்கு விரிச்சுக் குடுப்பாங்க.

"பாவம்."

பாவம் தான். அப்போ பிஷப்பு ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தாரு. நீல்ஸுன்னு பேரு, இருபத்துமூணு வயசு, எலும்பும் தோலுமா இருப்பான். படிச்சு முடிச்சு வேலை கிடைக்காம ரெண்டு வருஷமா அலைஞ்சவன். சிஸெலைப் பாக்க வந்தவன் தலையே நிமிரல. அந்த ஊர்ல ரொட்டியை பீருல ஊற வெச்சுக் கஞ்சி மாதிரி காய்ச்சுவாங்க. அதை மூணு கிண்ணம் குடிச்சான். லத்தீன் தெரியும், கிரேக்கு தெரியும், மாடு கறக்கத் தெரியாதுன்னு கிண்ணத்தைப் பாத்தே சொன்னான். சிஸெலுக்கு அவனைப் பாத்தா பாவமா இருந்துச்சு. கிழிஞ்ச சாக்ஸை வாங்கித் தெச்சுக் குடுத்தா. ஆனா பாவம் வேற, கல்யாணம் வேறல்ல?

யோவான் திருநாள் காலையில கல்யாணம்னு பிஷப்பு முடிவு பண்ணிட்டாரு. அன்னைக்கு சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள அவ சம்மதிக்கலேன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துருவாங்க, ஒரு வருஷம் அன்னைக்கோட முடியுது. இதை மாத்த முடிஞ்ச ஒரே ஆள் லிஸ்பெத் அம்மா தான். முத்திரை அவங்க கையில. அதனால கல்யாணத்துக்கு மொத நாள், கடைசியில துணிஞ்சு, சிஸெல் மாளிகைக்குக் கிளம்பினா.

"ம்... இருட்டா இருந்துச்சா?"

அது தான் அதிசயம். அந்த ஊர்ல ஆனி மாசம் இருட்டே வராது. பத்து மணிக்குத் தான் பொழுது சாயும். சாஞ்சும் போகாது, வானம் பால்ல கொஞ்சம் நீலம் கலந்தாப்புல அப்படியே நிக்கும். வயக்காட்டு மேல மூடுபனி, முழங்கால் அளவு. பசு மாட்டுக்குக் காலு தெரியாது, முதுகு மட்டும் மிதந்து போகும். கடற்கரையில ஊருக்கு ஒண்ணா நெருப்பு மூட்டியிருக்காங்க, திருநாளுக்கு மொத ராத்திரில்ல. அந்தப் பனிக்குள்ள சிஸெல் நடந்து போறா, அவளுக்கும் காலு தெரியல. மிதந்துக்கிட்டே மாளிகை வாசலுக்கு வந்துட்டா.

அந்தம்மா பதிமூணு தலகாணி மேல உக்காந்திருக்காங்க. கண்ணுக்குக் கீழ கறுப்பு. தூங்காதவங்களுக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும், நான் வார்டுல பாக்காததா. சிஸெல் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அந்தம்மா சீறினாங்க, ஆளாளுக்கு வந்து என்கிட்ட ஒண்ணு கேக்குறீங்க, நான் யார்கிட்டப் போய்க் கேக்குறதுன்னு. சிஸெல் கேக்க வந்ததை அப்படியே முழுங்கிட்டா. அப்புறம் மெதுவா, எத்தனை நாளாச்சும்மா தூங்கின்னு விசாரிச்சா.

"ஒரு வருஷம் ஒரு மாசம்," அப்படின்னாங்க அந்தம்மா. "கண்ணை மூடினா அவர் தரையில நீட்டிக் கிடந்தது தான் தெரியுது சிஸெல். தூக்கத்துல நான் சரிஞ்சு நீட்டிப் படுத்துட்டா என்ன பண்றது?"

இத்தனை நாள் டாக்டர்கிட்ட சொல்லல, பிஷப்புகிட்ட சொல்லல, இவகிட்ட சொல்லிட்டாங்க. சிஸெலுக்குப் புரிஞ்சுபோச்சு. இது பயம். பயந்த புள்ளைக்குத் தலகாணியா வெப்போம்? பக்கத்துல படுப்போம். அவ என்ன பண்ணா தெரியுமா, தரையில ஒரு போர்வையை விரிச்சு, மல்லாக்க, காலை நீட்டிப் படுத்துட்டா. அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க. "நான் முதல்ல படுக்கிறேன்மா. சாவு வந்தா என்னைத் தூக்கிட்டுப் போகட்டும். நீங்க மேல இருந்து பாத்துக்கிட்டே இருங்க," அப்படின்னா சிஸெல்.

அந்தம்மா பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒண்ணும் வரல. ஒரு ஈ வந்துச்சு, அதுவும் போயிருச்சு.

அப்புறம் அந்தம்மா ஒரு தலகாணியை உருவிக் கீழ போட்டாங்க. பொத். இன்னொண்ணு. பொத். டாக்டர் குடுத்த மூணும் பொத், பொத், பொத். பிஷப்பு வெச்ச நாலும் விழுந்துச்சு. ராஜா தலகாணியை எடுத்துக் கொஞ்சம் யோசிச்சாங்க, அதையும் போட்டாங்க. அது தையல் விட்டு, உள்ள இருந்த இறகு எல்லாம் புஸ்ஸுன்னு மேல கிளம்பிருச்சு. கீழ இறங்கவே மாட்டேங்குது. ஜன்னல் வெளிச்சத்துல, அறை பூரா, வெள்ளையா, மெதுவா, சுத்திக்கிட்டே இருக்கு. கட்டில் குட்டைல்ல, அதுல நீட்ட முடியாது. எட்டு ஊருக்குச் சொந்தக்கார அம்மா கட்டில்ல இருந்து இறங்கி வந்து, ஐயரம்மா பக்கத்துல, நம்மளை மாதிரி தரையில படுத்தாங்க. முதல்ல முட்டி மடங்கியிருந்துச்சு. அப்புறம் மெதுவா ஒரு காலு நீண்டுச்சு. அப்புறம் இன்னொரு காலு.

சிஸெலோட கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நான் மூச்சு விடுறேனான்னு பாத்துக்க, நானா முழிக்கிற வரைக்கும் எழுப்பாதன்னாங்க. சிஸெல் சரின்னா. அப்புறம் தான் அந்தம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு, நீ என்னமோ கேக்க வந்தியேன்னாங்க. சிஸெல் ஒரு நிமிஷம் அந்த இறகையே பாத்தா. முதல்ல தூங்குங்கம்மா, காலையில பேசிக்கலாம்னுட்டா. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா அவ கையைக் கன்னத்தோட சேத்து அணைச்சுக்கிட்டுத் தூங்கிட்டாங்க.

"ம்..."

தூக்கம்னா அது தூக்கம். ஒரு வருஷத்துத் தூக்கம். எங்கெங்கயோ போயிட்டாங்க. பனிக்குள்ள பசு மாடு முதுகு முதுகா மிதந்து போகுது, அதுல ஒண்ணு மேல உக்காந்து போறாங்களாம். அகழி தண்ணியெல்லாம் பாலா இருக்காம். பதினாறு தாத்தாவும் கரையில வரிசையா நின்னு, தொப்பியைக் கழட்டிட்டுக் கொட்டாவி விடுறாங்களாம். அந்தம்மா புருஷனும் அங்க நின்னாராம், குதிரை பக்கத்துல. விழுந்த மாதிரி இல்ல, நல்லா நிமிந்து. அந்தம்மாவைப் பாத்து, போயிட்டு வான்னு கையை அசைச்சாராம். அந்தம்மா தூக்கத்துலயே அழுதாங்க, சிஸெல் கையெல்லாம் நனைஞ்சுபோச்சு.

விடிஞ்சுது. யோவான் திருநாள். வேலைக்காரி கிண்ணத்துல கஞ்சி எடுத்துக்கிட்டு வந்தா. பாக்குறா, கட்டில் காலி. தரையில அம்மா, பக்கத்துல ஐயரம்மா, ரெண்டு பேரும் நீட்டி நிமிந்து, மல்லாக்க. மேல வெள்ளை வெள்ளையா இறகு. கிண்ணம் நழுவித் தலகாணிக் குவியல் மேல விழுந்துச்சு, பொத்துன்னு, பெருசா சத்தமே இல்ல. அவ ஓடினா. அம்மா செத்துட்டாங்க, ஐயரம்மாவும் செத்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. சாவு மணி டாங்... டாங்... கல்யாணத்துக்கு உடுத்தியிருந்த பிஷப்பு அப்படியே திரும்பி, இப்போ அந்தம்மாவோட பதினாறு முன்னோர் பேரையும் முணுமுணுன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே மாளிகைப் படி ஏறுறாரு.

"ஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். பிஷப்பு உள்ள வந்தா, சிஸெல் ஒரு கண்ணைத் தொறந்து, உதட்டுல விரலை வெக்குறா. பக்கத்துல இருந்து கொர்ர்ர்... புஸ்ஸ்... கொர்ர்ர்... புஸ்ஸ். பிஷப்பு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் சுதாரிச்சு, கிசுகிசுன்னு, எந்திரி, மாப்பிள்ளை சர்ச்சுல நிக்கிறான், இன்னைக்கோட உன் வருஷம் முடியுதுன்னாரு. சிஸெல் மாட்டிக்கிட்டிருந்த கையைக் காட்டினா. எழுப்பிக் கையை வாங்கிட்டு வான்னாரு. நீங்களே எழுப்புங்கன்னா. பிஷப்பு குனிஞ்சு அந்தம்மா முகத்தைப் பாத்தாரு, எழுப்பினா என்ன கிடைக்கும்னு யோசிச்சாரு, தைரியம் வரல. சாயங்கால மணி வரைக்கும் தான், அதுக்கு மேல சாவி என்கிட்ட வந்துரும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

மத்தியானம் நீல்ஸ் வந்தான். பூட்ஸைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, சிஸெல் தெச்சுக் குடுத்த சாக்ஸோட, பூனை மாதிரி வந்தான். வந்து பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து அழுதுட்டான். அவனுக்கும் இஷ்டம் இல்லையாம். பட்டணத்துல ரொட்டிக் கடைக்காரர் பொண்ணு நாலு வருஷமா இவனுக்காகக் காத்திருக்காளாம். ஆனா இந்த வேலை இல்லேன்னா சோறு இல்ல. "அம்மாவை எழுப்பிக் கேளுங்களேன். உங்களுக்காக இல்லேன்னாலும் எனக்காகக் கேளுங்க," அப்படின்னான். இது பிஷப்பு மிரட்டினதை விடக் கஷ்டமா இருந்துச்சு அவளுக்கு. மெதுவா ஒரு விரலை உருவிப் பாத்தா. அந்தம்மா தூக்கத்துல ங்ஙன்னு முனகி, கையை இன்னும் இழுத்து அணைச்சுக்கிட்டாங்க. அவ விரலை விட்டுட்டா. அவன் பூட்ஸைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

அப்புறம் சாயங்காலம். அவ வீடு வயலுக்கு அந்தப் பக்கம் தான், ஜன்னல் வழியா அங்கத்துச் சத்தம் கேக்குது. அவ வளத்த வாத்துக் கூட்டத்தை விரட்டுறாங்க, கேக் கேக் கேக்னு கத்துதுங்க. சர்ர்ருனு எதையோ இழுக்குறாங்க, அது பெட்டி. டக் டக்னு ஒண்ணு, அது கால் ஆடுற மேசை. ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு என்னன்னு தெரியுது. சாமானையெல்லாம் வெளிய புல்லுல போடுறாங்க. கடைசியா ஒரு கீச்சுச் சத்தம். அது அந்த ஜன்னல், மூடுறாங்க. அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுதா, குலுங்கினா அந்தம்மா முழிச்சுக்குவாங்கன்னு குலுங்காம அழுதா. மணி அடிச்சுது. டாங். டாங். டாங். வீடு போச்சு.

நீயா இருந்தா கையை உருவியிருப்பியா பியூலா?

"...தெரியல அத்தே."

எனக்கும் தெரியல. இல்ல, தெரியும், நானா இருந்தா உருவியிருப்பேன். வார்டுல ஒரு பெரியம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கும். ஷிப்ட் முடிஞ்சுதுன்னு நான் உருவிட்டு வந்திருக்கேன். பஸ்ஸு போயிரும்ல. அது முழிச்சுக்கிட்டு என்னைப் பாக்கும். இன்னும் அந்தப் பார்வை எனக்கு மறக்கல. சரி, அத விடு.

"ம்..."

அந்த ராத்திரியும் போச்சு. மறுநாள் உச்சி வெயில்ல தான் லிஸ்பெத் அம்மா கண்ணைத் தொறந்தாங்க. கன்னமெல்லாம் செவந்து, சின்னப் பொண்ணு மாதிரி இருந்தாங்க. திரும்பிப் பாத்தா சிஸெல் பக்கத்துலயே உக்காந்திருக்கா, கை மரத்துப்போய் நீலமா இருக்கு, கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. இப்போ சொல்லு, என்ன கேக்க வந்தேன்னாங்க. சிஸெல் சொன்னா, ஒண்ணுமில்லம்மா, நேத்தோட நேரம் முடிஞ்சுபோச்சுன்னு. அப்புறம் கேக்கக் கேக்க ஒவ்வொண்ணா எல்லாத்தையும் சொல்லிட்டா.

அந்தம்மா எந்திரிச்சாங்க. செருப்புக் கூடப் போடல. சிஸெலைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நேரா அவ வீட்டுக்கு நடந்தாங்க. வழியில ஜனமெல்லாம் வாயைப் பிளக்குது, செத்துப்போன அம்மா நடந்து வர்றாங்கன்னு. அங்க வாசல்ல பிஷப்பு சாவியோட நிக்கிறாரு, பக்கத்துல நீல்ஸ். பிஷப்பு, நேத்தே வருஷம் முடிஞ்சுதும்மா, மணி அடிச்சாச்சுன்னு ஆரம்பிச்சாரு.

அந்தம்மா கேட்டாங்க, "நான் கண்ணைத் தொறக்காம என் ஊர்ல எப்படிங்க விடியும்? நேத்துன்னு ஒரு நாள் இங்க வரவே இல்ல."

பிஷப்பு சாவியை மறு கைக்கு மாத்திக்கிட்டாரு. சரி, அப்போ இன்னைக்குக் கல்யாணத்தை நடத்துவோம், அது தானே வழக்கம்னாரு. அந்தம்மா அவரையே பாத்தாங்க. அவ்வளவு கோவத்துலயும் குரலை ஒசத்தல.

"என் புருஷன் செத்தப்போ, அந்த மாளிகையோட சேத்து என்னை யாருக்காவது கட்டி வெக்க வந்தீங்களா?"

அந்தம்மா கையை நீட்டினாங்க, அவர் சாவியை வெச்சாரு, அந்தம்மாவே பூட்டைத் தொறந்தாங்க. நீல்ஸுக்கு சர்ச்சு உண்டு, சம்பளம் உண்டு, மணி அடிக்கிறவர் வீட்டு மாடியைத் தர்றேன், உன் ரொட்டிக் கடைப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வான்னாங்க. அவன் அங்கயே முட்டி போட்டுட்டான். ஆனா இந்த வீடு ஐயர் வேலையோட சேத்தி இல்ல, இன்னையில இருந்து அது தனின்னாங்க.

இதையெல்லாம் சிஸெல் கேக்கவே இல்ல. சாவி திரும்பின சத்தம் கேட்டதும் அவ உள்ள போயிட்டா. வீட்டுக்குள்ள ஒரு சாமான் கிடையாது, வெறும் தரை. நேரா போய் அந்த ஜன்னலைத் தொறந்தா. நாலு பேரையும் பாத்தா. ரெண்டு ராத்திரி ஒரு பகல் முழிச்சவ இல்லையா, அப்படியே ஜன்னலுக்கு அடியில, வெறுந்தரையில, காலை நீட்டிப் படுத்துத் தூங்கிட்டா.

"..."

வெளிய ஆளுங்க எல்லாம் சாமானைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க, பெட்டி, மேசை, சட்டி பானை. பிஷப்பும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு, இதையெல்லாம் எங்கெங்க வெக்கிறதுன்னு கேக்க. பாத்தா, வாசப்படியில லிஸ்பெத் அம்மா உக்காந்திருக்காங்க. எட்டு ஊருக்குச் சொந்தக்காரி, வெறுங்காலோட, குறுக்க கையை நீட்டி மறிச்சுக்கிட்டு, வாத்தைக் கூட உள்ள விடாம.

"வீட்டுக்காரம்மா தூங்குறாங்க," அப்படின்னாங்க. "அவங்க எந்திரிச்சுச் சொல்லுவாங்க. அது வரைக்கும் எல்லாரும் அப்படி உக்காருங்க."

அப்புறம் என்ன, பிஷப்பு அந்த நாற்காலியைப் புல்லுல போட்டு உக்காந்தாரு. நீல்ஸ் பெட்டி மேல உக்காந்தான். வேலைக்காரி, ஈட்டிக்காரன், ஊர் ஜனம் எல்லாம் புல்லுல உக்காந்தாங்க, ஒருத்தரும் இருமல. பொழுது சாயாத வெளிச்சம் அப்படியே நின்னுச்சு. பனி மெதுவா ஏறி எல்லாருக்கும் முழங்கால் வரைக்கும் வந்துச்சு.

பியூலா. ஏய்.

ம் நின்னுபோச்சா. சரி, கையை எங்க வெச்சிருக்கே பாரு, என் புடவை முந்தானை உள்ள அகப்பட்டுக் கிடக்கு. இருக்கட்டும். அடுப்புல பாலு இருக்கு, பொங்கினா பொங்கட்டும், நான் எந்திரிக்கல.

கதை தூங்கிருச்சு, நீயும் தூங்கு.